மேசை மேல் ஒரு செத்த போன்

அத்தியாயம் பதினேழு

தியாகராஜா குடிக்கமாட்டான். சிகரெட் பிடிக்கமாட்டான். வெள்ளிக்கிழமைகளில் மச்ச மாமிசம் தொடமாட்டான். கண்டி டவுனில் அவன் வேலை பார்க்கிற மின்சாரச் சாமான் கடையில் முதலாளிகூட அவனை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. கோயில் சபைக் கூட்டத்தில் குரலை உயர்த்தாமல் பேசுகிறவன் என்று பெயர் எடுத்தவன். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க ராஜி கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நாவலப்பிட்டியில் அவளுடைய சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லட்டும். உடைந்தது அவர்களுடைய விலா எலும்பா என்ன?

அவன் ராஜியின் போனைப் பறித்ததே இல்லை. பறித்தால் அவளுடைய அண்ணன்மார் கேள்வி கேட்பார்கள். சார்ஜ் போடுகிற வயரை மட்டும் தினமும் சாப்பாட்டுப் பெட்டியோடு பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

"போன் வீட்லதான் கிடக்கு மச்சான். சார்ஜ் போட மறந்திருப்பா," என்று சிரித்துக்கொண்டே சொல்லுவான்.

ராஜி பக்கத்து வீட்டு ஆஸியா உம்மாவிடம் ஒரு வயரை இரவல் வாங்கினாள். அன்று மாலையே அவன் அதை அழகாகச் சுருட்டி, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வயர் குத்துகிற துளைக்குள் சுப்பர் குளு இரண்டு சொட்டு விட்டான். காயும்வரை ஊதினான்.

"இனிமே நீ யாருகிட்டயும் கையேந்த வேண்டியதில்ல," என்றான்.

அதோடு போன் செத்தது. தையல் மேசை மேல் அப்படியே கிடக்கட்டும் என்று அவன் விட்டுவைத்திருந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

செத்த போனுக்கு உயிர் கொடுத்தவன் சின்ன அண்ணன் யுகேஷ். பிலிமத்தலாவையில் அண்ணன் தம்பி இருவருமாகப் போன் கடை நடத்துகிறார்கள். கோயில் திருவிழாவில் தியாகராஜா சபை வேலையாக அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தபோது, மடைப்பள்ளிக்குப் பின்னால் ராஜிக்கு அவர்களோடு ஐந்து நிமிடம் கிடைத்தது. ஆஸியா உம்மா வழியாக விஷயம் முன்பே தெரிந்திருந்த யுகேஷ் தன் சட்டைக்குள்ளிருந்து ஒரு வட்டத் தட்டை எடுத்து நீட்டினான். உள்ளங்கை அகலம். பப்படத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு. வயரே குத்தாமல், போனை மேலே வைத்தாலே சார்ஜ் ஏறும்.

பெரிய அண்ணன் இராமகிருஷ்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

"சூடுதான்டா பட்டரிக்கு எமன். இதுல பாதிக் கரண்டு சூடாவே போயிரும். அவ பட்டரியே மூணு வருசப் பழசு. வயரக் குத்தினா ஏறுதுன்னு தெரியும். இதுல கொஞ்சம் தள்ளி வச்சாலும் ஏறாது. ஏறலன்னும் தெரியாது."

"வாய் ஒட்டிப்போச்சு அண்ணே. வயரை எங்க குத்துவ, மூக்குலயா?"

இராமகிருஷ்ணன் ஒரு பழைய பட்டன் போனை நீட்டினார். ஒரு தடவை ஏற்றினால் ஐந்து நாள் நிற்கும். அரிசி டின்னுக்குள் ஒளித்து வை என்றார்.

ராஜி இரண்டையும் பார்த்தாள். "அவரு அரிசி டின்னுக்குள்ளயும் கைய விட்டுப் பாக்கிறவரு அண்ணே. உசிரோட ஒரு போனை ஒளிச்சு வைக்கிறதவிட, செத்த போன் மேசை மேல கிடக்கிறதுதான் நல்லது," என்றாள். தட்டை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

அந்த வாக்குவாதம் கடைவரை போய், போன வாரம் வாடிக்கையாளர் முன்னாலேயே அண்ணன் தம்பியை அறைய, இருவரும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். தட்டு மட்டும் ஹந்தானை மலைமேல் ராஜியின் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. தையல் மேசை விரிப்புக்குக் கீழே அதை ராஜி ஒட்டி வைத்தாள். அதன் வயர் மெஷின் மோட்டார் வயரோடு சேர்ந்து ஒரே கட்டாகப் போனது. விரிப்புக்கு மேலே போன், எப்போதும்போல, செத்துக் கிடந்தது.

சரி, இன்றைய கதைக்கு வருவோம்.

இன்று ராஜி வீட்டை விட்டுப் போகிற நாள்.

திட்டம் யுகேஷுடையது. ஆறே முக்காலுக்குத் தியாகராஜா மகள் தர்ஷனாவைப் பைக்கில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோவான். போகும்போது கேட்டை வெளியே பூட்டிவிடுவான். சில நாட்களில் எதையோ மறந்ததுபோல ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவான். அது அவனுடைய பழக்கம். ஆகவே அரை மணித்தியாலம் பொறுத்து, அவன் வரவில்லை என்று தெரிந்தபிறகு ராஜி போனில் கோல் எடுக்க வேண்டும். யுகேஷ் கடை வான் வண்டியோடு மலையடியில் காத்திருப்பான். மேலே வந்து பூட்டை உடைத்து அவளை ஏற்றிக்கொண்டு, நேரே பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொள்வார்கள்.

கோல் வராமல் யாரும் மலை ஏறக்கூடாது. அது ராஜி போட்ட கட்டளை. மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணன்மார் சொல்லாமல் வந்தபோது தியாகராஜா வீட்டில் இருந்தான். சிரித்துப் பேசி, தேத்தண்ணி கொடுத்து, கேட்வரை வந்து வழியனுப்பினான். அவர்கள் வளைவு திரும்பிய பிறகுதான் அவளுடைய விலா எலும்பு உடைந்தது.

காலை ஆறு மணிக்கு, அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, ராஜி போகிற போக்கில் போனைத் தொட்டுப் பார்த்தாள்.

சூடாக இருந்தது. மற்ற நாட்களைவிட நல்ல சூடு.

நல்லா ஏறியிருக்கு, பிள்ளையாரப்பா, என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

தேத்தண்ணி குடிக்கும்போது தியாகராஜா மூக்கைச் சுருக்கினான்.

"என்னமோ கருகுற வாசம்."

"நேத்து துணி அயன் பண்ணினேன்ங்க. அதுவா இருக்கும்."

"ம்."

அவ்வளவுதான். கோப்பையை வைத்தான். தர்ஷனா புத்தகப் பையோடு ஓடி வந்து அம்மாவின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. இன்றைக்கு மத்தியானம் எங்கே சாப்பிடப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. ராஜி அவளுடைய தலைப்பின்னலைத் தேவையில்லாமல் இரண்டாவது தடவை இறுக்கிவிட்டாள்.

கேட் பூட்டுகிற சத்தம் கேட்டது. பைக் இறங்கிப் போனது.

ராஜி சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நின்றாள். ஏழு. ஏழு பத்து. ஏழேகால். ஆஸியா உம்மா டவுன் கடைகளுக்கு இடியப்பம் கொடுக்கப் போய்விட்டால் எட்டு மணிக்குத்தான் திரும்புவாள். கூப்பிட்ட குரலுக்கு வேறு ஆள் இல்லை.

ஏழு இருபதுக்குப் போனை எடுத்து ஓன் பண்ணினாள். திரை ஒளிர்ந்தது. மூலையில் பட்டரி சிவப்பாக இருந்தது.

நூற்றுக்கு இரண்டு வீதம்.

அவள் நம்பவில்லை. நேற்றுப் பகல் யுகேஷோடு திட்டம் பேசி முடித்தபோதே ஐந்து இருந்தது. இரவு முழுக்கத் தட்டின் மேலே கிடந்த போன். சூடாகவும் இருந்ததே!

யோசிக்க நேரமில்லை. யுகேஷின் நம்பரை அழுத்தினாள். ஒரு ரிங் போனது. இரண்டாவது ரிங் பாதியில் திரை கறுத்துப் போனது.

ராஜி போனைத் திருப்பினாள். பின்பக்கக் கவரைப் பிய்த்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சு விழுந்தது. நடுவில் வட்டமாகக் கருகியிருந்தது. எடுத்தவள் 'ஸ்ஸ்' என்று கையை உதறினாள். உள்ளேயிருந்த ஐந்து ரூபாய்க் குற்றிக் காசு தணல்போலக் கொதித்தது.

நேற்று மாலை அவள்தான் அதை வைத்தாள். பிள்ளையோடு பத்திரமாக வெளியே போய்ச் சேர்ந்தால் உண்டியலில் போடுகிறேன் என்று பிள்ளையாருக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். சாமித் தட்டில் வைத்தால் அவன் என்ன நேர்த்தி, யாருக்கு நேர்த்தி என்று குடைவான். பஸ் டிக்கட், திருநீற்றுப் பொட்டலம், எல்லாம் போன் கவருக்குள் வைக்கிறோமே, இதையும் வைப்போம் என்று வைத்துவிட்டாள். தட்டுக்கும் போனுக்கும் நடுவில் போய்ப் படுத்த அந்தக் காசு, இரவு முழுக்க வந்த கரண்டை எல்லாம் தானே தின்று சூடாகிவிட்டது. பெரிய அண்ணன் சூடு, தள்ளி வைப்பது என்று எத்தனையோ சொன்னார். காசு முடிகிறதைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

"என் கையாலேயே..." என்று முனகினாள். தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அழ நேரமில்லை. கவரில்லாமல் போனைத் தட்டின் மேலே வைத்தாள். சரியாக நடுவில். பத்து நிமிடம் இருந்தால் போதும். ஒரு கோல் எடுக்க மூன்று வீதம் போதும்.

ஏழு நிமிடம்தான் கிடைத்தது.

பைக் சத்தம் கேட்டது. கேட் திறந்து, மறுபடி உள்பக்கம் பூட்டுகிற சத்தமும் கேட்டது.

கரண்டுச் சாமானோடு பதினைந்து வருசம் புழங்குகிறவனுக்கு எது துணி கருகுகிற வாசம், எது கரண்டுச் சூட்டு வாசம் என்று தெரியாதா? பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, அந்த வாசத்தை நினைத்துக்கொண்டே திரும்பி வந்திருக்கிறான். செருப்பை வாசலில் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான். நேரே மேசைக்குப் போனான். விரிப்பைத் தூக்கினான்.

தட்டின் ஓரத்தில் சின்ன நீல வெளிச்சம் எரிந்தது.

"ஓ," என்றான். "இதுவா. நம்ம கடையிலயும் இருக்கே இது."

முதல் அடி காதில் விழுந்தது. ராஜி சுவரில் மோதி, அயன் மேசையோடு சேர்ந்து கீழே விழுந்தாள். அவன் அவளைத் தூக்கி நிறுத்தினான். தூக்கியது அடுத்த அடிக்காகத்தான். மூக்கிலிருந்து சூடாக ஏதோ வாய்க்குள் இறங்கியது.

"யாரு குடுத்தது?"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவனிடம் பயங்கரம். அவளைத் தையல் மெஷினுக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தான். அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து, துணியை அமுக்குகிற தையற்காலைத் தூக்கி, ஊசிக்கடியில் வைத்து அழுத்தினான். தன் காலைப் பெடல் மேல் வைத்தான்.

"ராஜி, நான் மூணாவது தடவை கேக்கிற ஆள் இல்ல. யாரு குடுத்தது?"

"என்னங்க, வேணாம்ங்க..."

பெடலை அழுத்தினான்.

மெஷின் ஒரே ஒரு தையல் போட்டது. ஊசி நகத்துக்குள் இறங்கி ஏறியது. அவள் போட்ட சத்தம் அவளுக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

"சின்னண்ணன்! சின்னண்ணன்தான்!"

"நல்லது." விரலை விட்டான். "யாருக்குக் கோல் எடுத்த?"

"எடுக்கல."

அவன் போனைக் கையில் எடுத்துப் பார்த்தான். திரை கறுப்பு. வயர் போடலாம் என்றால் துளையை அடைத்தவனே அவன்தான். ஒரு கணம் யோசித்துவிட்டு, அந்தப் போனைக் கவனமாகத் தட்டின் நடுவில் வைத்தான். கதிரையை இழுத்துப் போட்டான். ராஜியைத் தரையில் உட்கார வைத்து, அவளுடைய தலைமுடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

"பொறுமையா இரு. ஓன் ஆக ஆறேழு நிமிசம் எடுக்கும். பாப்போம், யாருக்கு எடுத்திருக்கன்னு."

இப்படியாக, மூன்று வாரமாக எந்தப் போனுக்குச் சார்ஜ் ஏறக்கூடாது என்று பாடுபட்டானோ, அதே போனுக்குத் தானே சார்ஜ் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் தியாகராஜா. ராஜியின் விரலிலிருந்து சொட்டிய இரத்தம் பாவாடையில் ஊறியது. அவள் நீல வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறு, ஏறு என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

திரை ஒளிர்ந்தது. மூன்று வீதம். அவன் கை நீட்டுவதற்கு முன்னாலேயே அது அலறத் தொடங்கியது.

சின்னண்ணன்.

தியாகராஜா மேசையிலிருந்த பெரிய தையல் கத்தரியை எடுத்தான். அதன் நுனியை அவளுடைய கழுத்தில் வைத்தான்.

"நல்லா இருக்கேன்னு சொல்லு. கை தவறிப் பட்டுருச்சுன்னு சொல்லு. இன்னைக்கு வரவேணாம்னு சொல்லு." ஸ்பீக்கரை அழுத்தினான்.

"ராஜி? ராஜி! ஒரு ரிங்ல கட்டாயிருச்சே, என்ன?" யுகேஷின் குரல்.

கத்தரி நுனி குளிர்ந்தது. நல்லா இருக்கேன் என்று சொல்லிச் சொல்லிப் பத்து வருசம் போய்விட்டது. இன்னும் ஒரு தடவை சொன்னால் இன்றைக்குக் கழுத்து தப்பும். நாளைக்கு? தர்ஷனாவின் பின்னல் அவள் கண் முன்னால் வந்தது.

"அண்ணே, ஏறி வா! கத்தரியை வச்சிருக்கான் அண்ணே, கொல்லப் போறான்!"

பத்து வருசத்தில் முதல்முறையாக அவனுக்கு அவள் மரியாதை கொடுக்கவில்லை. அவனே அதில் ஒரு கணம் திகைத்துப்போனான். அந்த ஒரு கணம்தான் அவளுக்குக் கிடைத்தது. கத்தரியைப் பிடித்திருந்த கையைப் பல்லால் கவ்வினாள். எலும்பு தட்டுகிறவரை கடித்தாள்.

அவன் கதறினான். கத்தரி விழுந்தது. தலைமுடியைப் பிடித்து அவளுடைய முகத்தை மேசைக் காலில் மோதினான். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்கு முன்னால் அவளுடைய கை தரையைத் தடவிக் கத்தரியைக் கண்டுபிடித்தது. விரல் வலியில் பிடி நழுவியது. இரண்டு கையாலும் பிடித்து, எங்கே என்று பார்க்காமல் குத்தினாள்.

தொடையில் இறங்கியது. நல்ல கத்தரி. போன தீபாவளிக்குத்தான் சாணை பிடித்தாள்.

"ராஜி?" என்றான் அவன். நம்பமுடியாத குரலில் கேட்டான். பிறகு மேசையில் ஒட்டியிருந்த தட்டை வயரோடு பிடுங்கி, அந்த வயராலேயே அவளை விளாசத் தொடங்கினான். தோளில், முதுகில், முகத்தை மூடிய கைகளில். தட்டு சுவரில் அடிபட்டுச் சிதறியது. அவன் நிறுத்தவில்லை.

வெளியே கேட்டில் கல்லால் இடிக்கிற சத்தம் கேட்டது.

"அடே தியாகராஜா! என்ன செய்ற அந்தப் புள்ளைக்கு? அல்லாஹ்வே, ஆரும் இல்லியா? தொறடா கேட்டை!" ஆஸியா உம்மா இடியப்பத் தட்டுகளை ரோட்டிலேயே போட்டுவிட்டுக் கத்தினாள். அந்தக் கத்தலில் மேலே தோட்டத்து லய வீடுகளிலிருந்துகூட இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு வான் வந்து நின்ற சத்தம் கேட்டது. இரும்புக் கம்பியால் பூட்டை நெம்புகிற சத்தம் கேட்டது.

உள்ளே முதலில் ஓடி வந்தது யுகேஷ் இல்லை, பெரிய அண்ணன்.

பேச்சு வார்த்தை இல்லாத தம்பியின் வானில், விடியற்காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். ராஜிக்கு அது அப்புறம்தான் தெரிந்தது. இராமகிருஷ்ணன் வாழ்நாளில் போன் மூடியைக்கூட மெதுவாகத்தான் திறப்பார். அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். தியாகராஜாவைப் பிடித்து மெஷினின் இரும்புச் சக்கரத்தில் சாய்த்து, முகத்தில் குத்தத் தொடங்கினார். குத்திக்கொண்டே இருந்தார். பல்லொன்று தரையில் தெறித்து ஓடியது.

"அண்ணே, போதும்! செத்துருவான் அண்ணே!" யுகேஷ் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான்.

"விடுடா! தேத்தண்ணி குடுத்தானே அன்னைக்கு! நானும் குடிச்சேனே!"

அண்ணன் முழங்கையால் இடித்ததில் தம்பியின் உதடு கிழிந்தது. இருவரும் கட்டிப் புரண்டு அலுமாரியில் மோதினார்கள். கண்ணாடி நொறுங்கியது. ராஜி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆஸியா உம்மா அவளைத் தாங்கி, தன் முந்தானையால் மூக்கை அழுத்தினாள்.

"மூச்ச எடு மகள். மெல்ல எடு."

அப்போதுதான் பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

நாலு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். தொடையில் இரத்தம் வடிய வடிய, தியாகராஜா வளைவில் மறைந்துகொண்டிருந்தான். ஆசுபத்திரிக்குப் போகிறான் என்று யுகேஷ் நினைத்தான்.

ராஜிக்கு மட்டும் தெரியும். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

"தர்ஷனா!" என்று அலறினாள்.

வான் மலையிலிருந்து உருண்டு விழுகிற வேகத்தில் இறங்கியது. ராஜியின் மடியில் போன். மூன்று வீதம் ஒன்றாகியிருந்தது. தட்டு நொறுங்கிப் போயிற்று. வானுக்குள் கடைச் சாமானாக விதவிதமான சார்ஜர் வயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒன்றைக்கூட அந்த ஒட்டிய வாய்க்குள் குத்த முடியாது.

"முடிச்சுக் காசு வச்சேன் அண்ணே," என்றாள், யாரும் கேட்காமலே. "கவருக்குள்ள. அதனாலதான் ஏறல."

இராமகிருஷ்ணன் அவளுடைய விரலில் தன் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அன்னைக்கே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. யுகேஷ் அதை எதிர்பார்த்துக் கண்ணாடியில் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

போன் அடித்தது. தர்ஷனாவின் வகுப்பு டீச்சர் லோஜினி.

"தர்ஷனாவோட அம்மாவா? இங்க ஓபிஸ்ல அவங்க அப்பா வந்து நிக்கிறாரு. நீங்க அக்சிடன்ட்ல அடிபட்டு ஆசுபத்திரில இருக்கீங்கன்னு சொல்றாரு. காலெல்லாம் ரத்தம். பிள்ளையை அனுப்பவான்னு..."

"அனுப்பாதீங்க டீச்சர்! நான் வாறேன், பிள்ளையை விட்டுறாதீங்க! டீச்சர்?"

திரை கறுத்திருந்தது. எப்போது கறுத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்வதற்கு முன்னாலா, பின்னாலா?

"நம்பர் சொல்லு, நான் எடுக்கிறேன்," என்றான் யுகேஷ்.

"இதுலதான் இருக்கு நம்பர். எனக்கு ஞாபகமில்ல. பள்ளிக்கூட நம்பரும் இதுலதான்." அவள் போனைத் தன் நெற்றியில் இடித்துக்கொண்டாள்.

இராமகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய பட்டன் போனை எடுத்தார். அவள் வேண்டாம் என்ற அதே போன். திருவிழா அன்றிலிருந்து அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். பட்டரியில் நாலு கோடும் நிறைய இருந்தன.

"ஊக்கு இருக்கா?" என்றார்.

ராஜி சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். செத்த போனின் சிம்மை அவர் ஊக்கு முனையால் தள்ளி எடுத்தார். குலுங்குகிற வானில், கடைப் பெட்டியிலிருந்து சிம்மைப் பெரிதாக்குகிற சின்னச் சட்டம் ஒன்றைத் தேடி எடுத்து அதில் சிம்மைப் பொருத்தி, பட்டன் போனுக்குள் போட்டார். அவருடைய கை முட்டி எல்லாம் தோல் உரிந்திருந்தது.

"நம்மால எடுக்க முடியாது. டீச்சர் திருப்பி எடுப்பாங்க. எடுத்தா இதுல வரும்," என்றார். "இது நிக்கும்."

ராஜி அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாகன நெரிசலில் வான் நின்று நின்று ஊர்ந்தது. யுகேஷ் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை.

பட்டன் போன் அடித்தது. புது நம்பராகத் தெரிந்தது. அதில்தான் ஒரு நம்பரும் இல்லையே.

"டீச்சர்! பிள்ளை எங்க டீச்சர்?"

காற்று இரைகிற சத்தமும் பைக் சத்தமும் கேட்டன. அதற்கு நடுவே அவளுடைய மகளின் குரல்.

"அம்மா? அப்பா போனைத் தந்து உங்ககிட்டக் கேக்கச் சொன்னாரு."

"தர்ஷனா, எங்கம்மா போறீங்க? அம்மாகிட்டச் சொல்லு!"

"அப்பா கால்ல ரத்தம் நிக்கவே இல்லம்மா." பிள்ளை விம்மினாள். "கத்தரியால நீங்களாம்மா குத்தினீங்க?"

பட்டன் போனில் நாலு கோடும் அப்படியே இருந்தன. இன்னும் ஐந்து நாள் பேசலாம். என்ன சொல்வது என்றுதான் ராஜிக்குத் தெரியவில்லை.